மீட்டரில் தெரியாத காவி

என் மகளுக்கு ஏழு வயது. மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் போன மாதம் அடுத்தடுத்து விழுந்தன. வழக்கப்படி மாடியில் எறிந்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து தினமும் காலையில் அவள் பல் விளக்கி முடித்ததும், உதட்டை மெல்லத் தூக்கி ஈறைப் பார்க்கிறேன். எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. பல் முளைக்கிறதா என்று அப்பா பார்க்கிறார், அவ்வளவுதான் அவளைப் பொறுத்தவரை.

நான் தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரம் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தவன். என் முன்பற்களில் குறுக்கே காவிக் கோடுகள் உண்டு. சாம்பல், உப்பு, எலுமிச்சை, கடையில் விற்ற பொடிகள் எல்லாம் தேய்த்துப் பார்த்தாகிவிட்டது. அது மேலே படிந்த கறை இல்லை. பல் உருவாகும்போதே எனாமலுக்குள் விழுந்த பழுது. ஐந்தாம் வகுப்பில் எடுத்த குழுப்படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. மூன்று வரிசைப் பிள்ளைகள். ஒருவர்கூடப் பல் தெரியச் சிரிக்கவில்லை. படம் எடுக்க வந்தவர் சிரிக்கச் சொன்னபோது எல்லோரும் உதட்டை இறுக்கிக்கொண்டோம். பெண் பார்க்கப் போகும் இடங்களில் "அந்தப் பக்கத்துத் தண்ணீரா?" என்று கேட்பார்கள். மாப்பிள்ளையின் படிப்பைக் கேட்பதற்கு முன்பே அந்தக் கேள்வி வந்துவிடும்.

எங்கள் ஆயா (பாட்டி) கழுத்தைத் திருப்பி நான் பார்த்ததே இல்லை. பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்புவார். வாதம் என்று வீட்டில் சொன்னார்கள். வருடக்கணக்காகக் குனிந்து களை எடுத்த முதுகு, அப்படித்தான் இருக்கும் என்றார்கள். ஒருமுறை ஊருக்கு மருத்துவ முகாம் வந்தது. மருத்துவர் ஆயாவை மூன்று காரியங்கள் செய்யச் சொன்னார்: முழங்காலை மடக்காமல் குனிந்து தரையைத் தொட வேண்டும், தாடையை நெஞ்சில் வைக்க வேண்டும், இரண்டு கைகளையும் பிடரிக்குப் பின்னால் கோக்க வேண்டும். மூன்றில் ஒன்றும் ஆயாவால் முடியவில்லை. மருத்துவர் என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "எந்தக் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறீர்கள்?" என்று அம்மாவிடம் கேட்டார். புளோரைடு என்ற சொல்லை நான் முதன்முதலாகக் கேட்டது அன்றுதான். குடிக்கும் தண்ணீரில் அளவுக்கு மீறிக் கரைந்திருந்தால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் பொருள் அது.

இவ்வளவும் தெரிந்த நான், என் மகள் விஷயத்தில் எட்டு மாதம் கோட்டை விட்டேன்.

அவள் பிறந்தபோது தருமபுரி நகருக்குள் வாடகை வீட்டில் இருந்தோம். குழாயில் ஒகேனக்கல் காவிரித் தண்ணீர் வரும். அவளுக்கு மூன்று வயது முடிந்த சமயத்தில் நகரின் ஓரத்தில், புது மனைப்பிரிவு ஒன்றில் சொந்த வீடு கட்டிக் குடிபோனோம். வீட்டுக்கு போர் போட்டோம். 650 அடியில் தண்ணீர் வந்தது. தெருக்குழாயும் உண்டு. தெருக்குழாயில் வருவது காவிரித் தண்ணீர் என்று மனை விற்றவர் சொன்னார், அக்கம்பக்கத்தில் இருந்தவர்களும் சொன்னார்கள். அதைப் பிடித்துக் கொதிக்கவைத்து ஆற்றிக் குடித்தோம். சோறு, களி, குழம்பு எல்லாவற்றுக்கும் போர் தண்ணீர். குடிக்கிற தண்ணீரைத்தான் கவனிக்க வேண்டும், உலையில் கொதிப்பது சுத்தமாகிவிடும் என்பது எங்கள் கணக்கு.

அந்த எட்டு மாதம் முடிகிற சமயத்தில்தான் வடிகட்டும் இயந்திரம் விற்கும் இளைஞர் ஒருவர் வந்தார். புது மனைப்பிரிவுகளில் இவர்கள் வீடு வீடாக வருவார்கள். பேனா போன்ற மீட்டரை எடுத்துப் போர் தண்ணீரில் விட்டார், 780 காட்டியது. நாங்கள் கொதிக்கவைத்திருந்த தண்ணீரில் விட்டார். 400-க்கு மேல் காட்டியது. தன் பாட்டிலில் கொண்டுவந்திருந்த தண்ணீரில் விட்டார், 40. "பார்த்தீர்களா அண்ணா?" என்றார். பிறகு இரண்டு டம்ளர்களில் தண்ணீர் ஊற்றி, ஜோடி ஜோடியாகக் கம்பிகள் வைத்த ஒரு கருவியை அவற்றில் இறக்கி மின்சாரம் கொடுத்தார். எங்கள் போர் தண்ணீர் ஒரு நிமிடத்தில் பச்சையாகிப் பழுப்பாகிச் சேறுபோலத் திரண்டது. அவர் கொண்டுவந்த தண்ணீர் அப்படியே தெளிவாக நின்றது. என் அம்மா வாயில் கைவைத்துக்கொண்டார். நான் முன்பணம் கொடுக்க உள்ளே எழுந்து போனேன்.

என் மனைவி அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். அவள் சமையலறையிலிருந்து ஒரு சிட்டிகை உப்பை எடுத்துவந்து, தெளிவாக நின்ற அந்த டம்ளரில் போட்டுக் கலக்கினாள். "இப்போது திரும்ப வையுங்கள்" என்றாள். அவர் தயங்கினார். வைத்தார். அந்தத் தண்ணீரும் பழுப்பாகிச் சேறாகத் திரண்டது.

நடந்தது இதுதான். கம்பிகளில் ஒன்று இரும்பு. உப்புக் கரைந்த தண்ணீரில் மின்சாரம் பாயும். பாயும்போது இரும்பு கரைந்து துருவாக வெளியே வரும். உப்பு ஏறக்குறைய இல்லாத தண்ணீரில் மின்சாரம் பாயாது, கம்பி கரையாது, தண்ணீர் தெளிவாக நிற்கும். டம்ளரில் திரண்ட அழுக்கு எங்கள் தண்ணீரில் இருந்து வந்ததே இல்லை. அந்தக் கம்பியில் இருந்து வந்தது. அந்த இளைஞர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கே இது தெரியாது என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது. இப்படிச் செய்து காட்டி விற்கும்படி அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் மேல்தான் கோபம்.

அவர் போனபின் மனைவி கேட்டாள்: "தருமபுரியில் தண்ணீர் இயந்திரம் விற்க வந்தவர், ஒரு மணி நேரம் பேசினார். புளோரைடு என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை, கவனித்தீர்களா?"

நான் கவனிக்கவில்லை. அவள் சொன்ன பிறகு அன்று இரவு தூங்கவில்லை.

அந்த மீட்டர் காட்டுவது டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்தம். அதையும் நேரடியாக அளப்பதில்லை; தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று பார்த்து, அதிலிருந்து மொத்தத்தைக் கணக்கிடுகிறது. கால்சியம், மக்னீசியம், சோடியம், குளோரைடு, பைகார்பனேட் எல்லாம் சேர்ந்து நூற்றுக்கணக்கில் வரும் கணக்கு அது. புளோரைடின் கதையே லிட்டருக்கு ஒரு மில்லிகிராமா, இரண்டா என்பதில் இருக்கிறது. 780 என்ற எண்ணுக்குள் புளோரைடு அரை மில்லிகிராம் இருந்தாலும் நான்கு மில்லிகிராம் இருந்தாலும் மீட்டருக்கு வித்தியாசம் தெரியாது. நாக்குக்கும் தெரியாது. நிறம் இல்லை, வாசனை இல்லை. உப்புக் கரிக்காமல், பருப்பு நன்றாக வேகிற தண்ணீரை நாம் நல்ல தண்ணீர் என்கிறோம். எங்கள் மாவட்டத்தில் அந்தச் சோதனையை நம்பவே கூடாது. கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த மென்மையான நிலத்தடி நீரில்தான் புளோரைடு அதிகமாகக் கரைந்து நிற்கும். கால்சியம் நிறைய இருந்தால் அதுவே புளோரைடைப் பிடித்துப் படியவைத்துவிடும்.

காரணம் பாறை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அடியில் இருக்கும் பழைய பாறைகளில் பயோட்டைட், ஹார்ன்பிளெண்ட், அப்படைட் போன்ற தாதுக்கள் உண்டு. அவற்றில் புளோரைடு உண்டு. பாறை வெடிப்புகளில் தண்ணீர் நெடுங்காலம் தேங்கி நிற்கும்போது அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. தாத்தா காலத்துத் திறந்த கிணறுகளில் மழைத் தண்ணீர் வந்து கலந்துகொண்டே இருந்தது. நாம் 600 அடி, 1,000 அடி என்று இறங்கி, பாறையோடு பல காலம் குடியிருந்த தண்ணீரை மேலே கொண்டுவருகிறோம்.

இந்த நோய் புதிதாக வந்ததும் இல்லை. எலும்பைத் தாக்கும் புளோரைடு நோயை இந்தியாவில் முதலில் மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்னது 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் நடந்த ஆய்வு. எங்கள் ஆயாவின் கழுத்து இறுகத் தொடங்குவதற்கு வெகுகாலம் முன்பே இதற்குப் பெயரும் காரணமும் தெரிந்திருந்தன என்பதை நினைத்தால் இப்போதும் மனம் பொறுக்கவில்லை.

இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500, புளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு நீர் ஆதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் 1.5. நான் ஒன்றுக்குள் என்ற வரம்பையே பிடித்துக்கொள்கிறேன். உடம்பில் சேரும் அளவு, குடிக்கும் தண்ணீரின் அளவையும் பொறுத்தது. சித்திரை வெயிலில் நிலக்கடலை பிடுங்குகிறவர் ஒரு நாளைக்கு நான்கைந்து லிட்டர் குடிப்பார். சிறிய உடம்பும் முளைத்துவரும் பல்லுமாக இருக்கும் குழந்தைக்கு அந்த ஒன்றைவிடவும் குறைவாக இருந்தால் நல்லது.

மறுவாரம் மூன்று பாட்டில்களோடு தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்குப் போனேன். இதைப் படிக்கிற எங்கள் மாவட்டக்காரர்கள் எந்த இயந்திரமும் வாங்குவதற்கு முன் இதை ஒருமுறை செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பாட்டில் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். புளோரைடு கண்ணாடியோடு வினைபுரியக்கூடும் என்பதால் கண்ணாடி வேண்டாம். சோப்பு போட்டுக் கழுவாமல், எந்தத் தண்ணீரைப் பிடிக்கப்போகிறீர்களோ அதே தண்ணீரில் மூன்று முறை அலசிவிட்டுப் பிடியுங்கள். போர் தண்ணீர் என்றால் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு, மேல்தொட்டிக்குப் போகும் முன்பே பிடியுங்கள். எந்த இடம், எந்தத் தேதி, எத்தனை அடி ஆழம் என்று எழுதி ஒட்டுங்கள். "புளோரைடு பார்க்க வேண்டும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

என் முதல் பாட்டிலில் போர் தண்ணீர். இரண்டாவதில் செவ்வாய்க்கிழமை தெருக்குழாயில் வந்த தண்ணீர். மூன்றாவதில் அதே குழாயில் வெள்ளிக்கிழமை வந்தது. ஒரே குழாய்க்கு எதற்கு இரண்டு பாட்டில் என்று நானே யோசித்தேன். மனைவிதான் சொன்னாள், வெள்ளிக்கிழமைகளில் பாத்திரத்தில் வெள்ளை படிவது அதிகமாக இருக்கிறது என்று.

முடிவுகள் வந்தன. போர் தண்ணீரில் புளோரைடு 2.6. செவ்வாய்க்கிழமைத் தண்ணீரில் 0.4. வெள்ளிக்கிழமைத் தண்ணீரில் 1.7.

ஒரே குழாய், மூன்று நாள் இடைவெளி, இரண்டு வேறு தண்ணீர். தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறவரிடம் விசாரித்தேன். மறைக்காமல் சொன்னார். எங்கேயாவது குழாய் உடைந்தாலோ மின்சாரம் நின்றாலோ ஆற்றுத் தண்ணீர் போதுமான அளவு வராது. தொட்டி காலியாக இருந்தால் பெண்கள் குடங்களோடு சண்டைக்கு வருவார்கள். அதனால் பக்கத்தில் இருக்கும் பொது போரை ஓட்டித் தொட்டியை நிரப்பிவிடுவார். "தண்ணீர் வரவில்லை என்றால் கேட்கிறார்கள். எந்தத் தண்ணீர் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை" என்றார்.

ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டத்தின் முழுப் பெயரிலேயே புளோரோசிஸ் (புளோரைடு நோய்) பாதிப்புக் குறைப்பு என்ற சொற்கள் உண்டு. 1,928 கோடி ரூபாய்த் திட்டம், ஜப்பானின் கடனுதவி, 2008-இல் அடிக்கல், 2013-இல் தொடக்கம். எத்தனையோ வருடம் இந்த இரண்டு மாவட்ட மக்கள் கேட்டுப் பெற்ற தண்ணீர் அது. தாகம் தணிக்க மட்டும் என்றால் எந்தத் தண்ணீரை வேண்டுமானாலும் ஏற்றலாம். காவிக் கோடு விழாத பற்களுக்காக, திரும்பக்கூடிய கழுத்துகளுக்காகக் கொண்டுவந்த தண்ணீரைத் தொட்டியில் போர் தண்ணீரோடு கலந்துவிட்டால் அந்தத் திட்டத்தின் பெயரே பொய்த்துப்போகிறது. கலக்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், இன்று கலந்த தண்ணீர் என்று தொட்டியின் கீழே ஒரு பலகையில் எழுதிவைக்கலாம். இதை மனுவாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு முறை கொடுத்திருக்கிறேன். மூன்றாவது முறையும் கொடுப்பேன்.

அந்த மீட்டர் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. ஆய்வக முடிவு கைக்கு வந்த பிறகு அதற்கு ஒரு நல்ல வேலை கிடைத்தது. செவ்வாய்க்கிழமைத் தண்ணீரின் டி.டி.எஸ். 240, வெள்ளிக்கிழமையுடையது 560. இப்போது குழாயில் தண்ணீர் வந்தவுடன் மீட்டரை விட்டுப் பார்க்கிறேன். 250-ஐ ஒட்டி இருந்தால் ஆறு. 400-ஐத் தாண்டினால் போர் கலந்திருக்கிறது. எங்கள் தெருவுக்கு மட்டும் பொருந்தும் கணக்கு இது. வேறு தெருவில், வேறு போரில் இந்த எண்களுக்கு அர்த்தம் மாறிவிடும்.

இயந்திரம் விஷயத்துக்கு வருகிறேன். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், புளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறையப் புளோரைடின் செறிவு கூடத்தான் செய்யும். எட்டு மாதம் நான் மகளுக்கு அக்கறையோடு செய்து கொடுத்தது அதுதான். யு.வி. என்ற புற ஊதா விளக்கு கிருமிக்கானது. கேண்டில் வடிகட்டி, யு.எஃப். என்ற நுண்துளைச் சவ்வு, கரித்தூள் வடிகட்டி, மண்பானை எதுவும் கரைந்த புளோரைடைப் பிடிக்காது. குளியலறைக் குழாய்க்கு மாட்டுகிற கடினநீர் மென்மையாக்கி கால்சியத்தையும் மக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும். புளோரைடு அப்படியே கடந்து போகும்.

படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுக் கலக்கித் தெளியவைக்கும் முறை ஒன்று உண்டு. நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. நல்கொண்டா முறை என்று பெயர். ஊருக்குப் பொதுவாக, அளவு தெரிந்தவர் நின்று செய்ய வேண்டிய வேலை. வீட்டில் தினமும் அளந்து போடுவது நடக்காத காரியம், அளவு தவறினால் அலுமினியம் தண்ணீரிலேயே தங்கும்.

வீட்டுக்கு என்று பார்த்தால் இரண்டுதான் மிஞ்சின. ஒன்று, ஆக்டிவேட்டட் அலுமினா என்ற வெள்ளை மணிகள் நிரப்பிய வடிகட்டி. புளோரைடை அது தன் மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். மின்சாரம் வேண்டாம், தண்ணீர் வீணாகாது. எனக்கு மனதளவில் இதுதான் பிடித்திருந்தது. சிக்கல் என்னவென்றால், மணிகள் நிரம்பிவிட்டால் அது வெளியே தெரியாது. தண்ணீர் அதே வேகத்தில், அதே தெளிவோடு வந்துகொண்டிருக்கும்; புளோரைடும் கூடவே வரும். மணிகளைக் காஸ்டிக் சோடாவில் கழுவி மீட்க வேண்டும் அல்லது மாற்ற வேண்டும். அதைச் செய்து தருகிறவர் எங்கள் ஊரில் எனக்குக் கிடைக்கவில்லை. அப்படி ஒருவர் உங்கள் ஊரில் இருந்தால், சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதிக்கவும் உங்களால் முடிந்தால், அதையே வாங்குங்கள்.

மற்றது ஆர்.ஓ., தண்ணீரை அழுத்தத்தோடு ஒரு மெல்லிய சவ்வின் வழியே தள்ளி உப்புகளை நிறுத்தும் இயந்திரம். அதைத்தான் வாங்கினோம். நல்ல நிலையில் இருக்கும் சவ்வு, புளோரைடில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கை நிறுத்திவிடும். மாட்டிய மறுநாளே அந்தத் தண்ணீரையும் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். புளோரைடு 0.2, டி.டி.எஸ். 50. அன்று வீடு திரும்பும்போது மகளுக்குப் பலூன் வாங்கிக்கொண்டு போனது நினைவிருக்கிறது.

ஆறு மாதம் கழித்துச் சர்வீசுக்கு ஒருவர் வந்தார். நான் மண்டியில் இருந்தேன். புளி மண்டியில் கணக்கு எழுதுகிற வேலை எனக்கு. மாசி, பங்குனியில் தலை தூக்க நேரம் இருக்காது. மாலையில் வந்து ஒரு டம்ளர் குடித்தேன். சுவை மாறியிருந்தது. மீட்டரை விட்டால் ஏறக்குறைய 300. சவ்வு கிழிந்துவிட்டதோ என்று பதறித் தொலைபேசியில் கேட்டேன். "சவ்வு நன்றாக இருக்கிறது சார். 50 என்றால் உடம்புக்குச் சத்து கிடைக்காது. அதனால் டி.டி.எஸ். திருகைக் கொஞ்சம் திறந்து வைத்தேன். இப்போது மினரல் வரும்" என்றார்.

அந்தத் திருகுக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதத் தொடங்கினேன். பல வீட்டு ஆர்.ஓ. இயந்திரங்களில் டி.டி.எஸ். கட்டுப்பாடு என்று ஒரு சிறிய வால்வு இருக்கிறது. அதைத் திறந்தால் சவ்வைக் கடக்காத தண்ணீரில் ஒரு பகுதி பக்கவழியாக வந்து சுத்தமான தண்ணீரோடு கலக்கும். அந்தத் தண்ணீருக்கு விளக்கு வெளிச்சம் காட்டிக் கிருமியைக் கொல்வார்கள், அதனால் பாதுகாப்பானது என்பார்கள். காவிரித் தண்ணீர் வரும் வீட்டில் இதனால் பெரிய தீங்கு இல்லை. எங்கள் போர் தண்ணீரில் என்ன ஆகும் என்று பாருங்கள். 780-ம் 50-ம் கலந்து 300-ஐ ஒட்டி வர வேண்டும் என்றால் மூன்றில் ஒரு பங்கு பச்சைப் போர் தண்ணீர் சேர வேண்டும். அந்த ஒரு பங்கில் புளோரைடு 2.6, மற்ற இரண்டு பங்கில் 0.2. கூட்டி மூன்றால் வகுத்தால் 1. சத்து என்று சொல்லித் திறந்த திருகு, 0.2-ஆக இருந்த புளோரைடை 1-க்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. போர் தண்ணீரில் நான்கு இருக்கிற வீட்டில் இதே திருகு 1.5 வரை கொண்டுபோகும். வாங்கியவர் பல ஆயிரம் கொடுத்திருப்பார், நிம்மதியாகத் தூங்குவார்.

சத்து பற்றிய கவலை நியாயமானதுதான். அதற்குக் கேழ்வரகு இருக்கிறது. 100 கிராம் கேழ்வரகில் கால்சியம் 300 மில்லிகிராமுக்கு மேல். தண்ணீரில் தேடிப் பெறுவதைவிடக் களியில் பெறுவது எளிது. புளோரைடு உடம்பில் ஏறுவதையும் கால்சியம் குறைக்கும். புளியும் நல்லது. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வில், புளி சேர்த்துச் சாப்பிட்ட பள்ளிச் சிறுவர்களுக்குச் சிறுநீர் வழியாகப் புளோரைடு வெளியேறுவது கூடியது. நாள் முழுக்கப் புளியின் நடுவில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அதைப் படித்தபோது பெருமையாக இருந்தது. ஆனால் புளிக்குழம்பைப் போர் தண்ணீரில் கரைத்து வைத்தால் ஒரு கையால் கொடுத்ததை மறுகையால் வாங்கிக்கொள்வதுபோல் ஆகும்.

ஆம், சமையல். பெரும்பாலான வீடுகளில் இயந்திரத் தண்ணீர் குடிக்க மட்டும். சோறு ஊறி வெந்து தண்ணீரை முழுக்கக் குடித்துக்கொள்கிறது. களிக்கு உலை வைக்கும் தண்ணீர் ஒரு சொட்டுவிடாமல் களிக்குள் போகிறது. மாவு கரைக்கிற தண்ணீர், பருப்பு வேகிற தண்ணீர், தேநீர்த் தண்ணீர் எல்லாம் வயிற்றுக்குத்தான் வருகின்றன. அரிசி கழுவவும் காய் கழுவவும் போர் தண்ணீர் போதும். அதற்கு மேல் வேண்டாம். இயந்திரம் வாங்கும்போது ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறோம் என்று கணக்குப் பார்த்துவிட்டுச் சமையலை விட்டுவிடாதீர்கள். நான்கு பேர் குடும்பத்துக்கு இரண்டும் சேர்த்து 20 லிட்டர் ஆகிறது.

ஆர்.ஓ. வெளியே தள்ளும் தண்ணீர் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாகப் போகிறது. சவ்வு நிறுத்திய புளோரைடு எங்கும் மறைந்துவிடவில்லை. அந்தக் கழிவில்தான் செறிந்து நிற்கிறது. எங்கள் 2.6 அங்கே நான்கை நெருங்கும். பக்கத்து வீட்டு அக்கா அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்து ஆட்டுக்குட்டிகளுக்கு வைத்துக்கொண்டிருந்தார். மாட்டுக்கும் ஆட்டுக்கும் பல் உண்டு, எலும்பு உண்டு, இந்த நோயும் உண்டு. "வீணாகப் போகிறதே தம்பி" என்றார். தரை கழுவலாம், கழிவறையில் ஊற்றலாம் என்று சொல்லிப் புரியவைத்தேன். போர் குழிக்குப் பக்கத்தில் மட்டும் விடாதீர்கள்.

ஆற்றுத் தண்ணீர் வரும் நாட்களில் நாங்கள் இயந்திரத்தை ஓட்டுவதே இல்லை. கொதிக்கவைத்துக் குடிக்கிறோம். 240 டி.டி.எஸ். உள்ள நல்ல தண்ணீரை ஆர்.ஓ.வில் போட்டு, பாதிக்கு மேல் கொட்டுவது பாவம். 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் 500-க்குக் குறைந்த தண்ணீருக்கு ஆர்.ஓ. வேண்டாம் என்ற திசையில்தான் உத்தரவிட்டது. ஆனால் அந்த 500-ஐ மட்டும் பிடித்துக்கொண்டு எங்கள் மாவட்டத்துக்காரர் முடிவெடுக்கக் கூடாது. டி.டி.எஸ். 450-ஆக இருந்து புளோரைடு வரம்பைத் தாண்டிய போர் தண்ணீரும் இருக்கத்தான் செய்கிறது.

போன வருடம் மாடியிலிருந்து இறங்கும் மழைக்குழாயைத் திருப்பி, தனித் தொட்டி ஒன்று கட்டினோம். 1,000 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்குக் குறையாது. எங்கள் கணக்கில் அது ஒன்றரை மாதத்துக் குடிநீரும் சமையல் நீரும். மழைத் தண்ணீர் பாறையைத் தொடாதது. புளோரைடு அதில் இல்லாததற்குச் சமம். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, வலை கட்டி, மூடிவைத்துச் சேமிக்கிறோம். காய்ச்சிக் குடிக்கிறோம். இதற்கு ஆன செலவு இயந்திரத்தைவிட அதிகம், ஆனால் சர்வீசுக்கு வந்து யாரும் திருகைத் திறக்க முடியாது.

இயந்திரத்தின் திருகின் மேல் இப்போது காகிதம் ஒட்டியிருக்கிறேன்: "திறக்கக் கூடாது. புளோரைடு 2.6." தெருவில் இன்னும் ஆறு வீட்டுக்காரர்கள் தங்கள் போர் தண்ணீரைப் பிடித்துத் தந்திருக்கிறார்கள். அக்காவுடையது 720 அடி. திங்கள்கிழமை ஆய்வகத்துக்குக் கொண்டுபோகிறேன்.

முன்பல்லின் எனாமல் நுனியில் இருந்து உருவாகத் தொடங்கும் என்று பல் மருத்துவர் சொன்னார். நுனி குழந்தையின் முதல் வருடத்தில் உருவாகிறது. ஈறை ஒட்டிய பகுதி நான்கு ஐந்து வயதில். வாடகை வீட்டில் குடித்த ஆற்றுத் தண்ணீர் நுனியில் இருக்கும். புது வீட்டில் நான் காய்ச்சிக் கொடுத்த எட்டு மாதம் அதற்கும் மேலே, வேர் பக்கம் இருக்கும். இன்று காலை உதட்டைத் தூக்கிப் பார்த்தபோது இடது பல்லின் நுனி தெரிந்தது, அரிசி முனை அளவு. வெள்ளையாக இருந்தது. மீதி இன்னும் ஈறுக்குள் இருக்கிறது.